கசியும் எலக்ட்ரான்கள்

திருச்சி காட்டூரில் தஞ்சாவூர் சாலையை ஒட்டிய ஜெராக்ஸ் கடைகளில் எப்போதும் நாலு பேர் நின்றுகொண்டிருப்பார்கள். துவாக்குடி பக்கம் படிக்கும் பிள்ளைகள் புராஜெக்ட் அச்சடிக்க வருவார்கள். பெல் நிறுவனத்தில் ஓய்வுபெற்ற பெரியவர்கள் பென்ஷன் தாள்களோடு வருவார்கள். அப்படியொரு கடையில் நான் நின்றிருந்தபோது ஓர் அம்மா, நகைக்கடை பர்ஸுக்குள்ளிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து நீட்டினார். மகளின் கல்யாண வீடியோவாம். பேத்திக்குக் காட்டலாமென்று டி.வி.யில் செருகினால் ஒன்றும் வரவில்லை. கடைக்காரர் அதைத் தன் கம்ப்யூட்டரில் செருகினார். ‘இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும், செய்யலாமா?’ என்று திரை கேட்டது. அவர் சட்டென்று ‘வேண்டாம்’ என்பதை அழுத்தினார்.

“அம்மா, வீட்ல யாராச்சும் இதை எடுத்து ஏதாவது பண்ணாங்களா?”

“யாரும் தொடவே இல்லையே தம்பி. கல்யாணம் முடிஞ்சு ஸ்டூடியோக்காரர் கொடுத்ததை அப்படியே பீரோவுல வச்சேன். ஏழு வருசமா அங்கேயேதான் இருக்கு.”

பத்திரமாக வைத்த பொருள் பத்திரமாக இருக்கும் என்பது நம் வீடுகளின் நம்பிக்கை. நகைக்கும் பத்திரத்துக்கும் அது சரி. பென் டிரைவுக்குச் சரிவராது. யாரும் தொடாமல் வைத்திருந்ததே அது படிக்க முடியாமல் போனதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஏன் என்று தெரிய, அதன் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

பழுதான பழைய பென் டிரைவ் ஒன்று கையில் கிடைத்தால் மேலுறையை நெம்பித் திறந்து பாருங்கள். சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பச்சை அட்டை இருக்கும். ஒரு பக்கத்தைப் பெரும்பாலும் அடைத்துக்கொண்டு, ஓரத்துக்கு 24 வீதம் 48 கால்களுடன் ஒரு கறுப்புச் சிப் உட்கார்ந்திருக்கும். தரவெல்லாம் தங்குவது அதில்தான். மறுபக்கம் சதுரமாக இன்னொரு சிப் இருக்கும்; அது கன்ட்ரோலர். அதன் அருகே வெள்ளி நிறத்தில் நீள்வட்டமான சின்ன உலோக டப்பி. அதன் முதுகில் பெரும்பாலும் 12.000 என்று பொறித்திருக்கும். நொடிக்கு 1 கோடியே 20 லட்சம் முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம் அது. கன்ட்ரோலரின் தாளம் அதிலிருந்து வருகிறது. இவை போக ஒரு சின்ன விளக்கும் சில மின்தடைகளும் இருக்கும், அவ்வளவுதான். இப்போது வரும் குட்டி டிரைவ்களில் அட்டைகூடத் தனியாக இருப்பதில்லை. எல்லாவற்றையும் ஒரே கறுப்புப் பலகையாக வார்த்துவிடுகிறார்கள். அந்த வகை கெட்டுப்போனால் பழுதுபார்ப்பவருக்கு வேலை இரட்டிப்பு.

செருகும் வாயையும் கவனியுங்கள். தங்க நிறத்தில் நான்கு பட்டைகள் தெரியும். ஓரத்து இரண்டும் சற்று நீளம். நடுவில் உள்ள இரண்டும் குட்டை. நீளமானவை மின்சாரத்துக்கு, குட்டையானவை தரவுக்கு. செருகும்போது மின்சாரம் முதலில் சேர வேண்டும், கழற்றும்போது கடைசியாகப் பிரிய வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. 5 வோல்ட் மின்சாரம் உள்ளே வந்ததும் கன்ட்ரோலர் விழிக்கிறது. ஒரு மின்தடையின் வழியாகத் தரவுக் கம்பிகளில் ஒன்றின் மின்னழுத்தத்தை உயர்த்திக் காட்டுகிறது. ‘யாரோ வந்திருக்கிறார்கள்’ என்று கம்ப்யூட்டர் அறிவது அதிலிருந்துதான். பிறகு கம்ப்யூட்டர் கேட்கும் கேள்விகளுக்கு டிரைவ் பதில் சொல்கிறது: தயாரிப்பாளர் எண் இது, நான் சேமிப்புக் கருவி வகை, என் கொள்ளளவு இவ்வளவு. இந்தப் பேச்சுவார்த்தை முடியும்போதுதான் அந்த ‘டிங்’ ஒலி கேட்கிறது. யு.எஸ்.பி. என்ற இந்த இணைப்பு முறை 1996-இல் வெளிவந்தது. இன்டெல் நிறுவனத்தில் அதன் உருவாக்கத்துக்குத் தலைமை வகித்தவர்களில் முக்கியமானவர் அஜய் பட். வடோதராவின் மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அதற்கு முன்பு அச்சுப்பொறிக்கு ஒரு வாய், மவுஸுக்கு ஒரு வாய், மோடத்துக்கு ஒரு வாய் என்று கம்ப்யூட்டரின் முதுகு முழுக்க ஓட்டைகளாக இருந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலையின் அருமை தெரியும்.

இனி அந்த 48 கால் சிப்புக்குள் போவோம்.

கம்ப்யூட்டரின் ஒவ்வொரு மூலையிலும் இருப்பது டிரான்சிஸ்டர். சிலிக்கான் பாதை ஒன்றில் மின்சாரம் போகலாமா கூடாதா என்பதை, மேலே உள்ள ‘வாயில்’ என்ற பகுதிக்குத் தரும் மின்னழுத்தம் தீர்மானிக்கிறது. மின்னழுத்தத்தை எடுத்துவிட்டால் அதற்கு எதுவும் ஞாபகம் இராது. 1967-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டாவோன் காங், சைமன் சீ என்ற இருவர் ஒரு மாற்றம் செய்தார்கள். வாயிலுக்கும் சிலிக்கான் பாதைக்கும் நடுவே, எந்தக் கம்பியோடும் சேராத ஒரு துண்டை வைத்தார்கள். அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் மின்கடத்தாப் பொருள். எதனோடும் ஒட்டாமல் அந்தரத்தில் நிற்பதால் இதற்கு ‘மிதக்கும் வாயில்’ என்று பெயர். இதற்குள் எலக்ட்ரான்களை ஒருமுறை ஏற்றிவிட்டால், மின்சாரத்தை நிறுத்தினாலும் அவை வெளியேற வழி இல்லை. மெமரி கார்டு, செல்போன், கம்ப்யூட்டரில் போடும் எஸ்.எஸ்.டி., பென் டிரைவ் எல்லாமே இந்த ஒரு யோசனையின் வழிவந்தவை.

வழியே இல்லாத இடத்துக்குள் எலக்ட்ரான் எப்படிப் போகிறது? மிதக்கும் வாயிலுக்கும் சிலிக்கானுக்கும் நடுவே உள்ள ஆக்சைடு படலம் ஏறக்குறைய 8 நானோமீட்டர் தடிமன். ஒரு மில்லிமீட்டரை ஒரு லட்சமாகப் பங்கிட்டால் வரும் ஒரு பங்கைவிடக் குறைவு. இவ்வளவு மெல்லிய தடுப்பின் குறுக்கே 20 வோல்ட் அளவுக்கு அழுத்தம் தந்தால், எலக்ட்ரான்களில் சில தடுப்பைத் தாண்டாமலே மறுபக்கத்தில் தோன்றிவிடுகின்றன. இதைத்தான் குவாண்டம் இயற்பியலில் டனலிங் என்கிறார்கள். ஃபவ்லர், நார்தைம் என்ற இருவர் 1928-இலேயே இதற்குக் கணக்கு எழுதிவிட்டார்கள். அன்றாட உலகில் சுவரில் மோதும் பந்து திரும்பித்தான் வரும். எலக்ட்ரானின் அளவில் அப்படியொரு கட்டாயம் இல்லை. அது அலையாகவும் இருப்பதால் மெல்லிய தடுப்புக்கு அப்பாலும் அதன் இருப்புக்கு ஒரு சிறு வாய்ப்பு உண்டு. நீங்கள் ஒரு புகைப்படத்தைப் பென் டிரைவில் ஏற்றும் ஒவ்வொரு தடவையும் குவாண்டம் இயற்பியலின் மிக விநோதமான விளைவு உங்கள் கைக்குள் கோடிக்கணக்கில் நடக்கிறது. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

20 வோல்ட் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்க வேண்டும். கம்ப்யூட்டர் கொடுப்பது வெறும் 5 வோல்ட்தானே. சிப்புக்குள்ளேயே வரிசையாகச் சிறு மின்தேக்கிகள் உண்டு. ஒன்றை நிரப்பி, அதன்மேல் அடுத்ததை ஏற்றி, படிப்படியாக மின்னழுத்தத்தை உயர்த்தி எடுக்கிறார்கள். எழுதுவது படிப்பதைவிட மெதுவாக நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

படிப்பது எளிது. மிதக்கும் வாயிலில் எலக்ட்ரான்கள் இருந்தால், அவற்றின் எதிர்மின்னூட்டம் மேல் வாயிலின் ஆணையைக் கீழே எட்டவிடாமல் குறைத்துவிடும். ஆகவே ஒரு குறிப்பிட்ட மின்னழுத்தம் தந்து பார்க்கிறார்கள். பாதையில் மின்சாரம் ஓடினால் அந்தச் செல் (மிதக்கும் வாயில் உள்ள ஒரு டிரான்சிஸ்டர்) காலி, அது 1. ஓடாவிட்டால் உள்ளே எலக்ட்ரான்கள் இருக்கின்றன, அது 0. அழித்த நிலையில் எல்லாம் 1. புத்தம்புது பென் டிரைவின் சிப்புக்குள் பெரும்பாலும் நிறைந்திருப்பது ஒன்றுகள்தாம்.

அழிப்பதற்குத்தான் முதலில் திண்டாடினார்கள். 1971-இல் இன்டெல்லில் டோவ் ஃப்ரோமன் செய்த ஈபிராம் சிப்பின் முதுகில் ஒரு குவார்ட்ஸ் ஜன்னல் இருந்தது. அழிக்க வேண்டுமென்றால் சிப்பைக் கழற்றி, புறஊதா விளக்கின் கீழ் பல நிமிடங்கள் வைக்க வேண்டும். வேலை செய்யும்போது வெளிச்சம் படாமலிருக்க ஜன்னல்மேல் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். எழுபதுகளின் பிற்பகுதியில் மின்சாரத்தாலேயே அழிக்கக்கூடிய ஈஈபிராம் வந்தது. அதில் ஒவ்வொரு பைட்டையும் தனித்தனியே அழிக்கலாம். அதற்குக் கூடுதல் டிரான்சிஸ்டர் தேவை. ஆகவே விலை அதிகம், இடமும் அதிகம்.

ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தின் ஃபுஜியோ மசுவோகா வேறு கோணத்தில் யோசித்தார். ஒவ்வொன்றாக அழிக்கும் வசதியை விட்டுக்கொடுத்தால் என்ன? ஒரு பகுதி முழுவதையும் ஒரே வீச்சில் அழித்துவிடலாம்; செல்லுக்கு ஒரு டிரான்சிஸ்டர் போதும்; விலை சரியும். 1984-இல் இதை அறிவித்தார். கேமராவின் ஃபிளாஷ்போல ஒரே நொடியில் எல்லாம் அழிகிறதே என்று சகப் பொறியாளர் ஷோஜி அரிஇசூமி சொன்னதிலிருந்து ‘ஃபிளாஷ்’ என்ற பெயர் வந்தது. 1987-இல், செல்களைத் தொடராகக் கோத்து இடத்தை இன்னும் சுருக்கிய ‘நாண்ட்’ வகையை அறிமுகம் செய்தார். இன்று நாம் வாங்கும் பென் டிரைவ்களுக்குள் இருப்பது அதுதான். உலகம் முழுவதும் இவ்வளவு பெரிய தொழிலை எழுப்பிய அவர், தமக்கு உரிய ஊதியம் கிடைக்கவில்லை என்று 2004-இல் நிறுவனத்தின்மீது வழக்குப் போட்டு, 2006-இல் 8 கோடியே 70 லட்சம் யென்னுக்குச் சமரசம் செய்துகொண்டார். அவர் செய்த காரியத்தின் அளவுக்கு அது மிகச் சிறிய தொகை.

மின்சாரம் போனாலும் நினைவு போகக் கூடாது என்ற இந்தத் தேவைக்கும் திருச்சிக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்து, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலக்ட்ரானிக்ஸ் முடித்த எஸ். ரங்கராஜன், பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் வடிவமைப்பையும் தயாரிப்பையும் மேற்பார்வையிட்டவர். தமிழ்நாட்டுக்கு அவர் எழுத்தாளர் சுஜாதா. அவருடைய கதைகளைப் பேசும் அளவுக்கு இந்தப் பொறியியல் வேலையைப் பற்றி நாம் பேசுவதில்லை, பேச வேண்டும். 1982-இல் கேரளாவின் பரூர் சட்டமன்றத் தொகுதியில் 50 வாக்குச் சாவடிகளில் மின்னணு இயந்திரம் முதன்முதலாகப் பயன்பட்டது. சட்டத்தில் இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னதால் அதன்பின் சட்டத்தையே திருத்தவேண்டி வந்தது தனிக்கதை.

இயந்திரத்தின் நினைவகத்துக்கு வருவோம். வாக்குப்பதிவு முடிந்ததும் கட்டுப்பாட்டுக் கருவியை அணைத்து, சீல் வைத்து, ஸ்டிராங் ரூமில் பூட்டுகிறார்கள். நாள் கணக்கில், சில தேர்தல்களில் வாரக் கணக்கில், அது மின்சாரமில்லாமல் கிடக்கும். முடிவு வந்த பிறகும் தேர்தல் வழக்குத் தொடர 45 நாள் அவகாசம் உண்டு. அதுவரை தரவு அப்படியே இருக்க வேண்டும். 2003-இல் தயாரான ஓர் இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்து 2010-இல் ஆய்வாளர்கள் சிலர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் எழுப்பிய பாதுகாப்புக் கேள்விகள் வேறு விவாதம். வாக்குகள் ஈஈபிராம் சிப்களில் பதிவாகின்றன என்பது அதில் தெளிவாக இருக்கிறது. அதாவது பென் டிரைவில் உள்ள அதே மிதக்கும் வாயில்தான் அங்கேயும்.

அப்படியானால் ஒன்றை நாடே நம்பி ஸ்டிராங் ரூமில் வைக்கும்போது, இன்னொன்றை வீட்டில் வைக்க ஏன் பயப்பட வேண்டும்? விடை, எவ்வளவு தரவை எவ்வளவு இடத்தில் திணிக்கிறோம் என்பதில் இருக்கிறது. இப்போது பயன்படும் ஓர் இயந்திரம் அதிகபட்சம் 2,000 வாக்குகளைப் பதியும். வாக்குக்கு ஒரு பைட் என்று கொண்டால் 2,000 பைட். 32 ஜி.பி. பென் டிரைவ் அதைப்போல 1 கோடியே 60 லட்சம் மடங்கு சுமக்கிறது. ஈஈபிராம் செல்கள் பெரியவை. செல்லுக்கு ஒரே பிட், அதாவது ஒரு 1 அல்லது ஒரு 0. இத்தகைய சிப்களின் விவரத்தாளில் 10 லட்சம் முறை எழுதலாம், 100 ஆண்டு தரவு நிற்கும் என்று தயாரிப்பாளர்கள் குறிப்பிடுவது வழக்கம். மலிவான பென் டிரைவின் அட்டையில் அப்படி ஏதாவது போட்டிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

பென் டிரைவில் கொள்ளளவு பெருகியது இரண்டு வழிகளில். ஒன்று, செல்களைச் சுருக்கினார்கள். பிறகு சுருக்கவும் இடமில்லாமல் மாடிமேல் மாடியாக அடுக்கினார்கள். 2013-இல் சாம்சங் 24 அடுக்குகளோடு தொடங்கியது. இப்போது 200 அடுக்குகளைத் தாண்டிவிட்டார்கள். இந்த அடுக்கு வகைகளில் பலவற்றில் மிதக்கும் வாயிலுக்குப் பதில் சிலிக்கான் நைட்ரைடு படலம் ஒன்று மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கிறது, வேலை அதேதான்.

இரண்டாவது வழிதான் நம் கதைக்கு முக்கியம். ஒரே செல்லில் ஒன்றுக்கு மேற்பட்ட பிட்களை வைப்பது. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் நின்று காவிரியைப் பார்ப்பவர், தண்ணீர் படியைத் தொட்டிருக்கிறதா இல்லையா என்று மட்டும் கேட்டால் தூரத்திலிருந்தே பதில் சொல்லலாம். கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் பதில் மாறாது. எத்தனாவது படியில் நிற்கிறது என்று கேட்டால் அருகே போய் எண்ண வேண்டும். அரைப் படி இறங்கினாலும் சந்தேகம் வந்துவிடும். செல்லுக்கு ஒரு பிட் என்றால் இரண்டு நிலைகள் போதும். இரண்டு பிட்டுக்கு 4 நிலைகள், மூன்றுக்கு 8, நான்குக்கு 16. அதே உயரத்துக்குள்தான் இத்தனை படிகளும். மிகச் சிறிய செல்களில் ஒரு நிலைக்கும் அடுத்த நிலைக்கும் உள்ள வித்தியாசம் சில பத்து எலக்ட்ரான்கள்தாம்.

32 ஜி.பி. என்பது 25,600 கோடி பிட்கள். செல்லுக்கு மூன்று பிட் என்றால் சுமார் 8,500 கோடி செல்கள். ஒவ்வொன்றிலும் 8 நிலைகளில் ஏதோ ஒன்றில் எலக்ட்ரான்கள் நிற்கின்றன. சில நூறு ரூபாய்க்கு இது கிடைப்பது மனித உழைப்பின் பெரிய சாதனை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தச் சில நூறு ரூபாய் விலை எப்படிச் சாத்தியமானது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்: தாங்கும் திறனை விட்டுக்கொடுத்து.

ஒவ்வொரு முறை எழுதி அழிக்கும்போதும் 20 வோல்ட் அழுத்தம் ஆக்சைடு படலத்தைச் சற்றே காயப்படுத்துகிறது. செல்லுக்கு ஒரு பிட் வகை ஏறக்குறைய 1 லட்சம் முறை தாங்கும். இரண்டு பிட் வகை சில ஆயிரம். மூன்று பிட் வகை ஆயிரம் அல்லது அதற்குச் சற்று மேல். நான்கு பிட் அதனினும் குறைவு. காயப்பட்ட படலத்தின் வழியே எலக்ட்ரான்கள், யாரும் அழுத்தம் தராமலே, ஒவ்வொன்றாகக் கசிகின்றன. போன வழியே திரும்பி வருகின்றன என்றும் சொல்லலாம். உள்ளே போக உதவிய அந்த மெல்லிய படலம், அவற்றை என்றைக்கும் அடைத்துவைக்கும் அளவுக்குத் தடிமனாக இருக்க முடியாது.

வெயில் இதை விரைவுபடுத்துகிறது. மே மாதத் திருச்சியில் 40 டிகிரி சாதாரணம். கான்கிரீட் தளத்தின் நேர்க்கீழே, மேல்மாடி அறையில், இரும்பு அலமாரிக்குள் வெப்பம் எப்படியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இத்துறையில் வழக்கமாகப் பயன்படுத்தும் கணக்கின்படி 30 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு உயர்ந்தாலே கசிவு ஏறக்குறைய 4 மடங்காகிறது. நினைவகச் சிப்களுக்குத் தரநிலை வகுக்கும் ஜெடெக் அமைப்பு, வீட்டுக் கம்ப்யூட்டர்களில் போடும் எஸ்.எஸ்.டி.க்கு ஒரு வரையறை வைத்திருக்கிறது: முழு ஆயுளும் எழுதித் தேய்ந்த பிறகு, மின்சாரமில்லாமல் 30 டிகிரியில் ஓராண்டு தரவைக் காக்க வேண்டும். ஓராண்டுதான். அதிகம் எழுதாத புது டிரைவ் இதைவிட வெகுகாலம் நிற்கும் என்பது உண்மை. ஆனால் நல்ல எஸ்.எஸ்.டி.க்கே இப்படி என்றால், தரப் பரிசோதனையில் பின்தங்கிய சிப்களும் வந்து சேரும் மலிவு பென் டிரைவை ஏழு கோடைக்கு நம்புவது அதிகப்படி.

இவ்வளவு ஆபத்துக்கு நடுவே டிரைவ் பெரும்பாலும் சரியாகவே வேலை செய்வதற்குக் காரணம் கன்ட்ரோலர். அது அசல் கம்ப்யூட்டர். தனக்கென்று ஒரு நிரல் வைத்திருக்கிறது. நாண்ட் சிப்பில் எழுதுவது பக்கம் பக்கமாக. ஒரு பக்கம் சில கிலோபைட். அழிப்பதோ பல நூறு பக்கங்கள் கொண்ட தொகுதியாக மட்டுமே. ஒரு சொல்லைத் திருத்தி நீங்கள் சேமித்தால், கன்ட்ரோலர் பழைய பக்கத்தைத் தொடுவதில்லை. புதிய பக்கத்தில் எழுதி, ‘இனி இதுதான் அது’ என்று தன் பட்டியலில் குறித்துக்கொள்கிறது. ஒரே இடம் தேய்ந்துபோகாமல் எழுத்தை எல்லாப் பகுதிக்கும் பரப்புகிறது. ஒவ்வொரு பக்கத்தோடும் பிழைதிருத்தக் குறியீடுகளைச் சேர்த்து எழுதுகிறது. படிக்கும்போது சில பிட்கள் மாறியிருந்தால் அந்தக் குறியீட்டைக் கொண்டு கணக்கிட்டுச் சரிசெய்து கொடுக்கிறது. நமக்குத் தெரியாமல் இந்தத் திருத்தம் ஓயாமல் நடக்கிறது. கசிவு ஓர் அளவைத் தாண்டினால் கணக்கு கைவிடுகிறது. ஆகவேதான் பென் டிரைவ் மெல்ல மெல்லக் கெடுவதாகத் தெரிவதில்லை. நேற்று வரை திறந்தது, இன்று திறக்காது.

அந்த அம்மாவின் டிரைவ் ‘ஃபார்மட் செய்யலாமா’ என்று கேட்டது இதனாலாக இருக்கலாம். டிரைவின் தொடக்கத்தில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஓர் அட்டவணை உண்டு. அதன் சில பிட்கள் கெட்டால் போதும், கம்ப்யூட்டருக்கு மீதி முழுவதும் வெற்றிடமாகத் தெரியும். வீடியோ அங்கேயே இருக்கும், முகவரிதான் தொலைந்திருக்கும். ‘ஆமாம்’ என்று அழுத்தினால் புது அட்டவணை எழுதப்பட்டு, மீட்கும் வேலை கடினமாகிவிடும். கடைக்காரர் அதை அறிந்தவர். மீட்பு மென்பொருளை ஓடவிட்டார். அது அட்டவணையைப் பாராமல் பக்கம் பக்கமாகத் துழாவியது. முகூர்த்தமும் ஊர்வலமும் கிடைத்தன. வரவேற்பு கிடைக்கவில்லை.

டெலிட் செய்யும்போதும் நடப்பது இதுதான். அட்டவணையில் பெயர் அடிக்கப்படுகிறது. தரவு அப்படியே கிடக்கிறது. தவறிப்போய் அழித்துவிட்டால் அந்த நிமிடமே டிரைவில் எழுதுவதை நிறுத்த வேண்டும் என்பதும், பழைய டிரைவை அடுத்தவருக்குக் கொடுக்கும்போது டெலிட் மட்டும் போதாது என்பதும் ஒரே உண்மையின் இரு பக்கங்கள். 32 ஜி.பி. என்று வாங்கியது கம்ப்யூட்டரில் 29.8 ஆகத் தெரிவதில் மோசடி ஏதும் இல்லை. தயாரிப்பாளர் 100 கோடி பைட்டை ஒரு ஜி.பி. என்கிறார், விண்டோஸ் 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சத்தை ஒரு ஜி.பி. என்கிறது. கல்யாண வீடியோவைத் துண்டு துண்டாகத் தருவது ஸ்டூடியோக்காரரின் சோம்பலும் அல்ல. பல டி.வி.க்கள் படிக்கும் பழைய அட்டவணை முறையில் கோப்பின் நீளத்தை எழுத 32 பிட்தான் இடம். 4,29,49,67,295 பைட்டுக்கு மேல் ஒரே கோப்பாக எழுத முடியாது.

உண்மையான மோசடி கன்ட்ரோலரில் நடக்கிறது. கொள்ளளவைச் சொல்வது அதுதானே; 8 ஜி.பி. சிப்பை வைத்துக்கொண்டு ‘நான் 2,000 ஜி.பி.’ என்று சொல்லும்படி அதன் நிரலை மாற்றிவிடுகிறார்கள். கம்ப்யூட்டர் நம்பிவிடும். நிரப்பிய பிறகுதான் பழைய கோப்புகள் மேலெழுதப்பட்டுத் தொலைந்தது தெரியும். நம்ப முடியாத கொள்ளளவை நம்ப முடியாத விலைக்கு யார் விற்றாலும் வாங்காதீர்கள். இதே நிரலை மாற்றி, பென் டிரைவைக் கீபோர்டுபோல நடிக்கவைத்து, தானாகக் கட்டளைகளைத் தட்டச்சு செய்யவைக்கலாம் என்று 2014-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் மேடையிலேயே செய்து காட்டினார்கள். ஈரானின் அணுசக்தி ஆலையைக் குறிவைத்து 2010-இல் அம்பலமான ஸ்டக்ஸ்நெட் நச்சு நிரலும் பென் டிரைவ் வழியாகப் பரவியதுதான். வழியில் இந்தியாவிலும் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களைத் தொட்டது. வழியில் கிடந்த டிரைவை எடுத்துச் செருகிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்வதே நல்லது.

இந்தக் கருவி பிறந்ததே தூக்கிச் செல்வதற்காகத்தான். 2000-ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் டிரெக் நிறுவனம் ‘தம்ப் டிரைவ்’ என்று விற்றது. அதே ஆண்டு இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ் செய்ததை ஐ.பி.எம். தன் பெயரில் விற்றது. எம்-சிஸ்டம்ஸ் தயாரிப்பின் கொள்ளளவு 8 எம்.பி. அன்று அது போட்டியிட்டது 1.44 எம்.பி. ஃபிளாப்பியோடு. சட்டைப் பையில் போட்டு இன்னொரு மேசைக்கு எடுத்துப்போக வேண்டும் என்பதே நோக்கம். அந்த வேலையில் அதற்கு இணை இல்லை. பீரோ என்ற இன்னொரு வேலையை நாமாக அதற்குக் கொடுத்தோம்.

மற்றவை மட்டும் என்ன? டிவிடியில் வீட்டில் எழுதும் தரவு ஒரு கரிமச் சாயத்தில் பதிகிறது. வெயிலிலும் ஈரத்திலும் சாயம் வெளுக்கும். ஹார்ட் டிஸ்க் காந்தத் துகள்களில் எழுதுகிறது. அந்தப் பதிவு மின்னூட்டத்தைப்போலக் கசிவதில்லை என்பதால் அலமாரிக்கு அதுவே மேல். ஆனால் அதன் படிப்பு முனை, நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. மேசையிலிருந்து ஒருமுறை கீழே விழுந்தால் முடிந்தது. மேகக்கணினி என்பது இன்னொருவருடைய கட்டடத்தில் உள்ள ஹார்ட் டிஸ்க்கும் எஸ்.எஸ்.டி.யும்தான், அவர்கள் பல பிரதி வைக்கிறார்கள், மாத வாடகை கேட்கிறார்கள், கடவுச்சொல் மறந்தால் கதவு திறக்காது.

எந்தக் கருவியும் தனியாக நிரந்தரமல்ல என்பதால், கருவியைத் தேடுவதைவிடப் பிரதியைப் பெருக்குவதே வழி. இழக்கக் கூடாத எதையும் மூன்று இடத்தில் வையுங்கள்: கம்ப்யூட்டரில் ஒன்று, ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வேறு வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ ஒன்று. பென் டிரைவை நான்காவதாக வைத்துக்கொள்ளலாம். அதிலேயே வைத்தாக வேண்டுமென்றால் ஆண்டுக்கொருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்து, மறுபடி எழுதுங்கள். வெறுமனே செருகிப் பார்ப்பது போதாது. மலிவு டிரைவ்களில் கன்ட்ரோலர் தானாகப் புதுப்பிக்கும் என்று நம்ப முடியாது. மீண்டும் எழுதும்போதுதான் எலக்ட்ரான்கள் பழைய அளவுக்கு நிரம்புகின்றன. விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும்போது பிடுங்காதீர்கள். ‘ஃபார்மட் செய்யலாமா’ என்று கேட்டால் ‘வேண்டாம்’ என்று அழுத்திவிட்டு, தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். இதைப் படித்து முடித்ததும், வீட்டில் உள்ள பழைய டிரைவ்களையும் மெமரி கார்டுகளையும் ஒவ்வொன்றாகச் செருகுங்கள்; திறப்பவற்றை இன்றைக்கே நகலெடுத்துவிடுங்கள்.